பேஸ்மென்டைச் சட்டப்படி வாடகை வீடாக்குவது: ரொறன்ரோவில் எதை முதலில் அளப்பது, எதைக் கடைசியில் மூடுவது

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். கொன்ட்ராக்டரிடம் விலை கேட்பதும் குசினிக்கு கபினெட் பார்ப்பதும் அதற்குப் பிறகு. ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் உள்ள பழைய பங்களா வீடுகளில் திட்டம் சிக்குப்படும் இடங்கள் நான்கு: சீலிங் உயரம், வெளியேறும் வழி, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே உள்ள தீத்தடை, அலாரங்கள். இந்த நான்கையும் காசு செலவழிக்க முன்னரே பார்த்துவிடலாம். சுவரை அடைத்துப் பெயின்ட் பூசிய பிறகு கண்டுபிடித்தால், பூசியதை உடைத்துத்தான் திருத்த வேண்டும்.

முதலில், அனுமதி உண்டா?

உண்டு. பத்து வருடத்துக்கு முந்திய கதைகளைக் கேட்டு இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஒன்ராறியோவில் நிறைவேறிய 23ஆம் இலக்கச் சட்டமூலத்தின்படி, குடிநீர், கழிவுநீர் இணைப்புள்ள நகரப்புறக் குடியிருப்புக் காணி ஒன்றில் மூன்று வீட்டு அலகுகள் வரை இருக்கலாம். நகரசபை மறுக்க முடியாது. ரொறன்ரோ 2023 மே மாதத்தில் அதையும் தாண்டி நான்கு வரை அனுமதித்தது. எனவே தனிவீடோ, செமியோ (ஒரு பொதுச்சுவரால் ஒட்டிய இரட்டை வீடு), ரவுன்ஹவுஸோ (வரிசை வீடு), பேஸ்மென்டில் ஒரு வாடகை வீடு போடுவதற்காகக் காணியின் சோனிங்கை (காணியில் எது இருக்கலாம் என்ற நகரசபை விதியை) மாற்றக் கேட்க வேண்டியதில்லை. கொண்டோ ரவுன்ஹவுஸ் மட்டும் வேறு. அங்கே கொண்டோ நிர்வாகத்தின் விதிகளும் குறுக்கே நிற்கும்.

வாகனத் தரிப்பிடம் பற்றியும் பழைய பயம் ஒன்று உண்டு. 2022 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோவில் இப்படிப்பட்ட வீட்டுக்குத் தரிப்பிடம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மார்க்கம், பிரம்ப்டன், ஏஜக்ஸ் போன்ற நகரங்கள் கேட்கலாம். ஆனால் அலகுக்கு ஒன்றுக்கு மேல் கேட்க மாகாணச் சட்டம் விடாது. பிரம்ப்டனில் பெர்மிட் முடிந்ததும் அந்த அலகை நகரசபையில் பதிவும் செய்ய வேண்டும். மற்ற நகரங்களில் உள்ளவர்கள் தங்கள் நகரசபையின் சோனிங் பிரிவில் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கீழே சொல்லப்படும் கட்டடக் கோவை விதிகள் மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘இங்கே இரண்டாவது வீடு இருக்கலாம்’ என்பது சோனிங். ‘இந்தச் சுவரை, இந்தக் குழாயை இப்படிப் போடலாம்’ என்பது பில்டிங் பெர்மிட். முதலாவது இருப்பதால் இரண்டாவது தேவையில்லை என்று நினைப்பதுதான் நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம். பெர்மிட் இல்லாமல் கட்டினால் ஒன்ராறியோவின் கட்டடக் கோவைச் சட்டத்தின் கீழ் தனிநபருக்கு முதற்குற்றத்துக்கே 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம்.

ஏற்கெனவே பேஸ்மென்ட் வீடு உள்ள வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், விற்பனைப் பத்திரத்தில் ‘பேஸ்மென்டின் ரெட்ரோஃபிட் நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை’ என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் அந்த அலகு சட்டப்படியானது என்று விற்பவர் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். ‘கிராண்ட்ஃபாதர் ஆனது’ (பழைய அலகு என்பதால் விதியிலிருந்து தப்பியது) என்று யாராவது சொன்னால், அந்த அலகு 1995 நவம்பர் 16 அன்று இருந்ததற்குச் சான்று கேளுங்கள். அந்தப் பாதுகாப்பு அந்தத் திகதியோடு கட்டுண்டது. சான்று இருந்தாலும் சோனிங்தான் தப்பும். தீக்கோவையின், அதாவது மாகாணத் தீப்பாதுகாப்புச் சட்டத்தின், விதிகள் அந்த வீட்டுக்கும் உண்டு.

உயரம்: 7 மில்லிமீற்றரில் தோற்கும் கணக்கு

இரண்டாவது அலகுக்கு வேண்டிய சீலிங் உயரம் 1.95 மீற்றர், அதாவது 6 அடி 4¾ அங்குலம். பீம், டக்ட் (சூட்டுக்காற்றுக் குழாய்) ஓடும் இடங்களுக்கு அடியில் மட்டும் 1.85 மீற்றர் போதும். இது கொங்கிறீட் நிலத்திலிருந்து ஜொயிஸ்ட் (மேல்தளத்தைத் தாங்கும் மரவிட்டம்) வரை அல்ல. எல்லாம் முடிந்த பிறகு உள்ள நிலத்திலிருந்து, எல்லாம் முடிந்த பிறகு உள்ள சீலிங் வரை. இந்த இடத்தில்தான் கணக்குப் பிழைக்கும்.

ஓர் உதாரணம். வெறும் கொங்கிறீட்டிலிருந்து ஜொயிஸ்டின் அடிவரை 6 அடி 7 அங்குலம், அதாவது 79 அங்குலம். ‘2 அங்குலத்துக்கு மேல் கையில் இருக்கிறதே’ என்று தோன்றும். மேலே சத்தம் குறைக்கும் ரெசிலியன்ட் சனல் ½ அங்குலம், அதன் மேல் ட்ரைவால் (ஜிப்சம் பலகை) 5/8 அங்குலம். கீழே குளிர் தடுக்கும் சப்ஃபுளோர் பலகை 7/8 அங்குலம், அதன் மேல் அடிவிரிப்போடு லாமினேட் ½ அங்குலம். கூட்டினால் 2½ அங்குலம். மிஞ்சுவது 76½ அங்குலம், அதாவது 1.943 மீற்றர். 7 மில்லிமீற்றர் குறைவு. சப்ஃபுளோரை விட்டுவிட்டு ¼ அங்குல வைனலை நேராகக் கொங்கிறீட்டில் போட்டால் 1.97 மீற்றர் வரும், தப்பும். ஆனால் கால் குளிரும். இந்தத் தெரிவை வரைபடத்திலேயே செய்துவிட வேண்டும்.

கொங்கிறீட் நிலம் சமமாக இருப்பதில்லை. வடிகால் பக்கம் தாழ்ந்தும் மூலைகளில் உயர்ந்தும் இருக்கும். அறைக்கு ஐந்து இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். வெளியேறும் பாதையில், குறிப்பாகப் படிக்கட்டின் அடியில், தலைக்கு மேல் என்ன வருகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

உயரம் போதாவிட்டால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டி அண்டர்பின் செய்வதுதான் வழக்கமான வழி. பொறியியலாளரின் வரைபடமும் பெர்மிட்டும் அதற்குக் கட்டாயம். அத்திவாரத்தைச் சிறுசிறு துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கொங்கிறீட் ஊற்றி, அது இறுகிய பிறகுதான் அடுத்த துண்டு. ஒரேயடியாகத் தோண்டச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். செமியில் பொதுச்சுவரின் அடியில் கை வைத்தால் பக்கத்து வீட்டின் சுமையும் உங்கள் தலையில்.

வெளியேறும் வழி

பழைய பங்களாவின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சிறிய தளமேடை, மேலே சில படி ஏறினால் குசினி, கீழே இறங்கினால் பேஸ்மென்ட். இந்தத் தளமேடையை இரண்டு வீட்டாரும் பாவித்தால் அது பொது வழியாகிவிடும். அப்போது அதைச் சுற்றியுள்ள சுவர்களும் படிக்கட்டின் அடிப்பக்கமும் தீத்தடையாக இருக்க வேண்டும். குசினிக்குப் போகும் கதவும் பேஸ்மென்ட் கதவும் 20 நிமிடம் தீ தாங்கும் முத்திரையுள்ளவையாக, தானாக மூடும் குளோசரோடு இருக்க வேண்டும். உள்ளே வெறுமையான பழைய கதவு உதவாது. கதவை மட்டும் மாற்றி, அதன் பழைய சட்டகத்தை விட்டுவைப்பவர்கள் உண்டு. கதவும் சட்டகமும் சேர்ந்தே அந்த முத்திரையைப் பெறுகின்றன. கதவு தட்டிக்கொண்டே இருக்கிறது என்று குளோசரைக் கழற்றிவிடுவது அடுத்த வழக்கம். திறந்து கிடக்கும் தீக்கதவு வெறும் பலகை.

பக்கக் கதவைப் பேஸ்மென்டுக்கு மட்டும் கொடுத்து, மேல்வீட்டுக்கு முன்கதவு என்று பிரித்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். இடம் இருந்தால் இதுதான் எங்கள் சிபாரிசு.

அடுத்தது யன்னல். பேஸ்மென்ட் நிலமட்டத்திலேயே நேராக வெளியே போகும் கதவு இல்லாவிட்டால், படுக்கையறை உள்ள அந்தத் தளத்தில் ஆள் தப்பக்கூடிய யன்னல் ஒன்றாவது வேண்டும். திறந்தால் கிடைக்கும் வழி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. நீளமோ அகலமோ எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. உள்ளேயிருந்து, திறப்போ கருவியோ இல்லாமல் திறக்க வேண்டும். ‘ஒரு பக்கம் 380 போதுமே’ என்று இரண்டு பக்கமும் 380 போட்டால் 0.144 சதுர மீற்றர்தான் வரும். இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேற வேண்டும்.

பழைய வீடுகளில் பொதுவாகக் காணும் 32 அங்குல அகல, 18 அங்குல உயர இழுக்கும் யன்னலை எடுங்கள். பாதிதான் திறக்கும்: 16 × 18 அங்குலம், 0.19 சதுர மீற்றர்கூட இல்லை. தோற்றுவிட்டது. கேஸ்மென்ட் யன்னல் (கதவுபோலப் பக்கவாட்டில் திறப்பது) முழுதாகத் திறக்கும் என்பதால் சின்ன ஓட்டையிலும் அளவு கிடைக்கும். 24 × 24 அங்குலத்தில் 0.37 வரும் என்று கணக்குச் சொன்னாலும் யன்னல் சட்டகம் தின்னும் இடத்தைக் கழித்தால் விழுந்துவிடும். கடையில் ‘முழுதாகத் திறந்தால் எவ்வளவு வழி’ என்று கேட்டு, அந்த இலக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். யன்னல் மண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் வெளியே குழி வேண்டும். யன்னலுக்கு முன்னால் 550 மில்லிமீற்றர், ஏறக்குறைய 22 அங்குலம், ஆள் ஏறிவர இடம் இருக்க வேண்டும். யன்னல் குழிக்குள் திறந்து அந்த வழியை மறிக்கவும் கூடாது. ஒரு பருமனான ஆள், குளிர்கால உடுப்போடு, இருட்டில், அதனூடாக ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அளவைத் தெரிவு செய்யுங்கள். விதி கேட்பது குறைந்தபட்சம். அதைவிடப் பெரிதாகப் போட யாரும் தடுக்கவில்லை.

அத்திவாரச் சுவரைக் கீழ்நோக்கி வெட்டுவது இலகு. அகலமாக்கினால் மேலே புதிய லின்டல் (சுவரின் சுமை தாங்கும் விட்டம்) வேண்டும், பொறியியலாளரும் வேண்டும். குழியின் அடியில் சரளைக்கல் நிரப்பி, வடிகாலை வீப்பிங் ரைலோடு (அத்திவாரத்தைச் சுற்றி ஓடும் வடிகுழாய்) இணைக்காவிட்டால் முதல் பெருமழையில் யன்னல் மீன்தொட்டியாகும். கள்ளர் பயத்தில் கம்பி போடுவதென்றால் உள்ளேயிருந்து திறப்பில்லாமல் திறக்கும் கம்பியாக இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வரவேற்பறையின் நிலப்பரப்பில் 5 வீதமும், படுக்கையறையில் 2.5 வீதமும் கண்ணாடி வேண்டும். 200 சதுர அடி வரவேற்பறைக்கு 10 சதுர அடி, 120 சதுர அடிப் படுக்கையறைக்கு 3 சதுர அடி. வாடகை கூடும் என்று யன்னலில்லாத மூலையை ‘இரண்டாவது படுக்கையறை’ ஆக்குவது இந்தக் கணக்கில் நிற்காது.

வெளியே புதிதாகப் படி வெட்டி இறங்குவழி செய்கிறீர்களென்றால் ரொறன்ரோவின் உறைபனி ஆழமான 1.2 மீற்றரை, 4 அடியை, மறக்காதீர்கள். படியின் அடித்தளம் புதிய நிலமட்டத்திலிருந்து அந்த ஆழம் போக வேண்டும். இல்லாவிட்டால் பனியில் மண் உப்பி, படியையும் அருகிலுள்ள அத்திவாரத்தையும் தூக்கும். படியின் அடியில் தண்ணீர் போக வடிகால் வேண்டும்.

தீத்தடை: இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் அரை மணிநேரம்

கீழ்வீட்டு அடுப்பில் எண்ணெய் பற்றினால் மேலே தூங்கும் பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவர நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவதுதான் தீத்தடை. பொது அளவு 30 நிமிடம். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வீடுகளில், இரண்டு அலகிலும் பொது வழியிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்கள் இருந்தால், சீலிங்குக்கு 15 நிமிடத்தையும் ஏற்கிறார்கள். பழைய ½ அங்குல ட்ரைவால் சீலிங் நல்ல நிலையில் இருக்கும் வீடுகளுக்கு அந்தச் சலுகை உதவும். சீலிங்கைப் புதிதாகப் போடுகிறவர்கள் அந்தச் சலுகையை நம்பிக் குறைக்காதீர்கள். ஜொயிஸ்டுகளுக்கு நடுவே மினரல் வூல், அடியில் ரெசிலியன்ட் சனல், அதில் 5/8 அங்குல ‘ரைப் எக்ஸ்’ (தீயைக் கூடுதலாகத் தாங்கும்) ட்ரைவால். விலை வித்தியாசம் சிறிது. மேலே நடக்கும் காலடிச் சத்தமும் கீழே ஓடும் தொலைக்காட்சிச் சத்தமும் குறைவது மிச்சம்.

சனலில் ட்ரைவால் பூட்டும்போது திருகாணியின் நீளத்தைப் பாருங்கள். ட்ரைவால் 5/8, சனல் ½, கூட்டினால் 1⅛ அங்குலம். அதைவிட நீளமான திருகாணி ஜொயிஸ்டைத் தொடும். தொட்ட இடமெல்லாம் சனல் போட்ட பயன் போச்சு.

தடை உடைவது பெரும்பாலும் பலகையில் அல்ல, ஓட்டைகளில். எல்லோருக்கும் பிடித்த பொட் லைட் (சீலிங்குக்குள் பதிக்கும் விளக்கு) ஒவ்வொன்றும் 4 முதல் 6 அங்குல ஓட்டை. தீ தாங்கும் முத்திரையுள்ள உறையோடு வருவதை வாங்க வேண்டும், அல்லது சீலிங்குக்கு வெளியே நிற்கும் மேற்பரப்பு விளக்கை உலோகப் பெட்டியில் பூட்ட வேண்டும். குழாய், வயர் போகும் ஒவ்வொரு துளையையும் தீத்தடுப்புச் சீலன்டால் அடைக்க வேண்டும். ஸ்ப்ரே ஃபோம் அந்த வேலைக்கு ஆகாது. கம்பிச் சட்டகத்தில் தொங்கும் டிராப் சீலிங்கின் ஓடுகள் தடையல்ல. பர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) அறையின் சீலிங்கை ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று திறந்து விடுவது இன்ஸ்பெக்டர் முதலில் பார்க்கும் இடம்.

அலாரமும் பர்னஸும்

புகை அலாரம் ஒவ்வொரு படுக்கையறையிலும், ஒவ்வொரு தளத்திலும், பொதுவழியிலும் வேண்டும். மின்சாரத்தில் ஓடி, கரண்ட் போனால் பற்றரியில் ஓட வேண்டும். ஒன்று அடித்தால் வீடு முழுக்க அடிக்க வேண்டும். புதிதாகப் பூட்டுபவற்றில் காது கேளாதவருக்காக மின்னும் வெளிச்சமும் கேட்கப்படும். கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்கு அருகிலும், அதோடு ஒவ்வொரு தளத்திலும் போடுங்கள். மேல்வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்; பேஸ்மென்ட் வேலை என்று வயரைக் கீழே மட்டும் இழுத்துவிட்டு, பிறகு மேல் சீலிங்கை உடைத்தவர்கள் பலர்.

ஒரே பர்னஸ் இரண்டு வீட்டுக்கும் காற்றுத் தந்தால் கீழே எழும் புகையை டக்ட் நேராக மேல்படுக்கையறைக்குக் கொண்டுபோகும். அதனால் டக்டுக்குள் ஒரு புகை உணரி வைத்து, புகை பட்டதும் பர்னஸின் மின்சாரமும் எரிவாயுவும் நிற்கும்படி இணைக்க வேண்டும். விலைப்பட்டியலில் அடிக்கடி விடுபட்டுப் போகும் பொருள் இது. கொன்ட்ராக்டரின் தாளில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே பர்னஸில் இன்னொரு தொல்லை வெப்பநிலை. தேர்மோஸ்டாட் மேலே இருக்கும், கீழே குளிரும். ரொறன்ரோவில் குளிர்காலம் முழுக்க வாடகை வீட்டில் 21 பாகை இருக்க வேண்டும் என்பது நகரசபைச் சட்டம். சூட்டுக்காற்று சீலிங்கிலிருந்து மட்டும் வந்தால் நிலம் சூடேறாது. திரும்பும் காற்றுக்கான வழியை நிலத்தருகே வையுங்கள். குசினிக்குள் அதை வைக்காதீர்கள், மீன் பொரித்த மணம் இரண்டு வீட்டுக்கும் பங்காகும். நம் சமையலுக்கு, கரியில் வடித்துக் காற்றைத் திரும்ப உள்ளே விடும் புகைபோக்கி போதாது. உலோகக் குழாயால் வெளிச்சுவர் வரை போகும் புகைபோக்கிதான் சரி. அதற்கான வழியை ஃபிரேமிங்குக்கு முன்பே குறித்துவிடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

ஈரமுள்ள பேஸ்மென்டில் எதையும் கட்டாதீர்கள். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டைக் கொங்கிறீட்டில் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால், சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால், முதலில் வோட்டர்புரூஃபிங். பழைய வீட்டில் 9 அங்குலச் சதுர ஓடுகள் நிலத்தில் ஒட்டியிருந்தால் அவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பெயர்க்க முன் ஆய்வுகூடத்தில் ஒரு துண்டைச் சோதிக்கக் கொடுங்கள்.

புதிய கழிப்பறைக்கு 3 அங்குலக் குழாய், அடிக்கு ¼ அங்குலச் சாய்வு. 10 அடி தள்ளிப் போட்டால் 2½ அங்குலம் இறங்க வேண்டும். வீட்டின் பிரதான கழிவுக்குழாய் அந்த ஆழத்தில் இல்லாவிட்டால் பம்ப் போட வேண்டி வரும். எனவே பாத்ரூமை எங்கே வைப்பது என்பதை அந்தக் குழாய்தான் முடிவு செய்யும். காற்றுக்குழாய் இணைக்காமல் விட்டால் மேலே பாத்ரூம் பாவிக்கும்போது கீழே சிங்க் கொப்பளித்து, சாக்கடை மணம் வரும்.

பெருமழையில் நகரத்துச் சாக்கடை நிரம்பித் திரும்பி வரும்போது தடுக்கும் பக்வோட்டர் வால்வு பேஸ்மென்ட் வீட்டுக்கு அவசியம். ரொறன்ரோ நகரசபை அதற்கு மானியமும் தருகிறது. அதன் குணம் ஒன்றை மேல்வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்: வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேலே குளித்தால், உடுப்புத் தோய்த்தால், அந்தத் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, பேஸ்மென்டின் தரை வடிகாலால்தான் எழும். கடும் மழையில் தண்ணீர்ப் பாவனையை நிறுத்துவதே வழி. வால்வின் மூடிக்கு மேல் ஓடு ஒட்டி மறைத்துவிடாதீர்கள், வருடம் ஒருமுறை திறந்து துப்புரவாக்க வேண்டும்.

மின்வேலைக்குப் பில்டிங் பெர்மிட் போதாது. மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தனி, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் எடுப்பார். பழைய 100 அம்ப் இணைப்பில் இரண்டாவது அடுப்பும் ட்ரையரும் ஏறுமா என்று சுமைக்கணக்குப் போடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்குத் தனிப் பிரேக்கர் பெட்டி வைப்பது நல்லது. நள்ளிரவில் பிரேக்கர் விழுந்தால் மேலே வந்து கதவு தட்ட வேண்டியதில்லை.

பெர்மிட்டும் பரிசோதனையும்

சொந்த வீட்டுக்கு நீங்களே வரைபடம் வரையலாம். பழக்கமில்லாதவர் மாகாணத் தகுதி இலக்கம் உள்ள வரைபடக்காரரிடம் போவதே மேல். இப்போதுள்ள தள வரைபடம், மாற்றப்போகும் தள வரைபடம், உயரம் காட்டும் குறுக்குவெட்டு, தீத்தடைச் சுவர் எது, எதால் ஆனது, அலாரங்களின் இடம், யன்னல் அளவுகள், குழாய், டக்ட் எல்லாம் அதில் வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் வீடுகளுக்கு 10 வேலைநாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. முழுமையில்லை என்று திரும்பி வரும் விண்ணப்பத்துக்கு அந்தக் கணக்கு இல்லை, அதனால் அளவுகள் விடுபடாமல் பாருங்கள்.

பெர்மிட் வந்தபின் ஒழுங்கு முக்கியம். நிலத்தடிக் குழாயை நீர் நிரப்பிச் சோதித்த பிறகே கொங்கிறீட். ஃபிரேமிங், குழாய், டக்ட், வயர் எல்லாம் திறந்து கிடக்கும்போது அவரவர் பரிசோதனை. பிறகு இன்சுலேஷனும் ஈரம் தடுக்கும் வேப்பர் பாரியரும். பிறகு தீத்தடை. அதன் பிறகுதான் மூடுவது. கொன்ட்ராக்டர் ‘இன்ஸ்பெக்டர் வரத் தாமதம், நான் நாளைக்கே ட்ரைவால் அடிக்கிறேன்’ என்று சொன்னால் வேலையை நிறுத்துங்கள். மூடிய சுவரைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு உண்டு. அந்தச் செலவு உங்களது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.

காசை வேலையின் கட்டங்களோடு கட்டிப் பேசுங்கள். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைக்க வேண்டியது உங்கள் கடமை. வேலை முடிந்து சட்டம் சொல்லும் 60 நாட் காலம் கழிந்த பிறகே விடுவிப்பது. ட்ரைவால்காரருக்கோ பிளம்பருக்கோ கொன்ட்ராக்டர் காசு கொடுக்காமல் விட்டு, அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரினால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

ஆள் வர முன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்ட வாடகைக்காரரைக் காரணம் காட்டி, தீ விபத்துக் கோரிக்கையை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

வாடகைக்கு விடும்போது

2018 ஏப்ரல் 30 முதல் மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். முற்பணமாகக் கடைசி மாத வாடகையை வாங்கலாம். ‘டமேஜ் டிப்பொசிட்’ வாங்கக் கூடாது. ஆறு மாதக் காசை முன்கூட்டிக் கேட்கவும் கூடாது. கடைசி மாதப் பணத்துக்கு வருடா வருடம் வட்டி கொடுக்க வேண்டும், அந்த வருட வாடகை உயர்வு வீதத்தில். வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் முன்பே என்-1 படிவத்தில் அறிவித்துத்தான் கூட்டலாம். மாகாணம் அறிவித்த உச்சம் 2025க்கு 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய புதிய அலகுகளுக்கு இந்த உச்சம் இல்லை. பேஸ்மென்டுக்கு அந்த விலக்குக் கிடைக்க, அதற்குச் சொந்தக் குசினியும் பாத்ரூமும் பூட்டும் கதவும் இருந்து, முன்பு முடிக்கப்படாத இடமாகவோ, நீங்கள் அதே வீட்டின் மற்ற அலகில் வசித்தோ இருக்க வேண்டும். பழைய நிலையின் படங்கள் அப்போது சான்றாகும்.

பெர்மிட் இல்லாத பேஸ்மென்டில் இருப்பவருக்கு உரிமை இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. அலகு சட்டவிரோதமானாலும் குடியிருப்பவருக்கு முழுப் பாதுகாப்பும் உண்டு, பொறுப்பு வீட்டுக்காரருடையது. கனடாவுக்குப் புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் வைத்து மறுப்பதும் மனித உரிமைக் கோவையோடு மோதும். இன்று நமக்குச் சொந்த வீடு இருக்கலாம். வந்த புதிதில் நம்மில் பலர் படுத்து எழும்பியதும் ஒரு பேஸ்மென்டில்தான்.

ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும், மாறாவிட்டாலும் வருடம் ஒருமுறை, புகை அலாரங்களை நீங்கள் அழுத்திச் சோதிக்க வேண்டும் என்கிறது தீக்கோவை. மேலே ஒன்றை அழுத்தும்போது கீழே ஒருவர் நின்று எல்லாம் அடிக்கிறதா என்று கேட்கட்டும். சோதித்த திகதியைக் கொப்பியில் எழுதி, குடியிருப்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். பூட்டும் அன்றே ஒவ்வொரு அலாரத்தின் பின்புறத்திலும் திகதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். உள்ளே அச்சிட்ட காலாவதித் திகதி வந்ததும், பொதுவாகப் பத்து வருடத்தில், அடிக்கிறதோ இல்லையோ அதைக் கழற்றி மாற்ற வேண்டும்.